பந்தல்கால் ஊன்றிய படகு

செம்பாறைத் தோட்டம்,
மஸ்கெலியா.
21.12.2025

அன்புள்ள தம்பி யோகேசுக்கு,

இன்று காலை கண் விழித்ததும் முகம்கூடக் கழுவாமல் கரைக்கு இறங்கிப் போய், கட்டிக் கிடந்த படகில் ஏறி அதன் மேல்தட்டை மிதித்துப் பார்த்தேன். தேநீரில் நனைத்த பாண் துண்டை மிதித்தது போலக் கால் உள்ளே அமுங்கியது. பிறகுதான் வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினேன். உனக்கு எழுத உட்கார்ந்ததும் அதற்குப் பிறகுதான்.

உன் சுகம் எப்படி? இருமல் விட்டதா? ஐப்பசியில் வந்து பார்த்தபோது வெறும் தரையில் படுக்கிறேன் என்றாய். அதற்குப் பிறகு வர முடியவில்லை. முதலாளி விற்ற படகில் யாரோ களவாக வெளிநாடு போகப் பார்த்ததற்கு, அதைப் பழுது பார்த்த நீ விளக்கமறியல் சிறையில் இருக்கிறாய். முதலாளியைக் காணவில்லை. இதை எத்தனை முறை எழுதினாலும் என் மனம் ஆறவில்லை.

கார்த்திகைப் புயல் மழையில் மலை சரிந்து, டவுனுக்குப் போகும் எங்கள் பாதை முழுதாகப் போய்விட்டது. சரிவுக்கு மேலே ஒற்றையடித் தடம் வெட்டியிருக்கிறார்கள். கை கால் திடமானவர்கள் போகலாம். உன் மச்சான் போக முடியாது. புதனும் சனியும் அவரை ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட மனிதருக்கு வேறு வழி கிடையாது. நீர்த்தேக்கத்தைக் கடந்துவிட்டால் அக்கரையில் பஸ் இருக்கிறது. மழைக்குப் பிறகு படகுதான் எங்களுக்குப் பாதையாக இருந்தது.

போன புதன்கிழமை காளியாயி ஏறும்போது அவளுடைய கால் மேல்தட்டுக்குள் கணுக்கால் வரை போய்விட்டது. பக்கத்து லயத்து வரிசை வீட்டுக் காளியாயி, உனக்குத் தெரியும். காலை இழுத்துக்கொண்டே, “டீச்சர், நான் பெருத்துட்டேனா, படகு கெழடாயிடுச்சா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்று மாலையே கோயில் கமிட்டித் தலைவர் முத்துலிங்கம் அண்ணன் படகைக் கட்டிப்போடச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

நீ நீர்கொழும்பிலிருந்து லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து கோயிலுக்குக் கொடுத்த படகு இது. அதன் உடம்பு உனக்குத் தெரியும். எப்படிச் சரிசெய்வது என்று எழுது. இங்கே யாருக்கும் தெரியாது. நான் செய்கிறேன். சீக்கிரம் எழுது தம்பி.

உன் நினைவோடு,
அக்கா வினோதா

*

04.01.2026

அன்பின் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். இருமல் இரவில் மட்டும். நீங்களும் மச்சானும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே கடிதங்களை ஒரு ஐயா படித்துவிட்டுத்தான் தருவார். அதனால் பிந்தியது.

படகு என்று வாசித்ததும் வெளியே வந்தது மாதிரி இருந்தது. பழைய பைபர் படகு எல்லாவற்றிலும் வருகிற வியாதிதான் இது, பயப்பட வேண்டாம். மேல்தட்டு ஒரே கட்டி இல்லை. மேலே ஒரு பைபர் தோல், கீழே ஒரு பைபர் தோல், நடுவில் பிளைவூட். பைபர் அழுகாது. நடுப்பலகைதான் அழுகும். ஒரு காசை எடுத்து மேல்தட்டு முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் ‘டக்’ என்று பேசும். கெட்ட இடம் ‘பொத்’ என்று ஊமையாக இருக்கும். ஊமையான இடத்தைச் சுற்றிச் சோக்கால் கோடு போட்டு, கிரைண்டரால் மேல்தோலை மட்டும் வெட்டித் தூக்குங்கள். கீழ்த்தோலைத் தொடக் கூடாது. அழுகியதை ஒரு துளி விடாமல் சுரண்டி எடுத்துக் காய விடுங்கள். பிறகு புதுப் பலகை, அதன் மேல் ரெசின் பசையும் பைபர் பாயும். அதைப் பிறகு எழுதுகிறேன்.

இன்னொன்று. பலகைக்குத் தண்ணீர் போக எங்கேயோ ஒரு வாசல் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மூடினால் திரும்பவும் அழுகும்.

மச்சானை எப்படி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறீர்கள்?

தம்பி,
யோகேஸ்வரன்

*

செம்பாறை
11.01.2026

அன்புள்ள யோகேஸ்,

நாங்கள் இருக்கிறோம். குளிர் கூடுதல். உனக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன், கொடுத்தார்களா?

வாசலைக் கண்டுபிடித்துவிட்டேன். அதை உனக்கு எழுதுகிறேன், இங்கே உரக்கச் சொல்ல முடியவில்லை.

தட்டிப் பார்த்தபோது ஊமை இடங்கள் எல்லாம் நான்கு மூலைகளைச் சுற்றியே இருந்தன. முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு. வெட்டித் தூக்கியதும் புரிந்தது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் அம்மன் தெப்பம் போக இந்தப் படகில்தான் பந்தல் கட்டுகிறோம். நான்கு கால்களையும் மேல்தட்டில் துளை போட்டு போல்ட் அடித்து நிறுத்துகிறோம். அடுத்த வருஷம் பழைய துளை தளர்ந்திருக்கும். அதனால் பக்கத்திலேயே புதுத் துளை. பழையதில் களிமண்ணை அடைத்து மேலே பெயின்ட். வருஷா வருஷம் இப்படி. களிமண் கரைந்து மழை உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நடுப்பலகை, சாயம் இறக்கி வீசிய தேயிலைச் சக்கை போலக் கறுப்பாகக் கையோடு வந்தது. காளியாயி அதை வாளியில் அள்ளி அள்ளிக் கொட்டினாள்.

முத்துலிங்கம் அண்ணனுக்குக் காட்டினேன். நெடுநேரம் குனிந்து பார்த்தார். “அம்மா கால் வச்ச எடம் அழுகுமா டீச்சர்? இது புயல் மழை செஞ்ச வேலை” என்றார். நான் வாதாடவில்லை. ரெசினும் பலகையும் வாங்கித் தருவது கமிட்டிதான். பங்குனித் தெப்பத்துக்குப் படகு தயாராக வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். உன் மச்சானிடம் சொன்னபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “பாதித் துளை நான் போட்டதுதான்” என்றார். படகு ஓட்டிய காலத்தில் அவர்தானே கமிட்டிக்கு மேஸ்திரி.

ஆனால் காயவில்லை தம்பி. வெட்டித் திறந்த இடத்தில் விரல் வைத்தால் தண்ணீர் ஊறுகிறது. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் வெயில், இரண்டு மணிக்கு மலையிலிருந்து பனி இறங்கிவிடுகிறது. ஈரத்தின் மேலேயே புதுப் பலகையை வைத்து மூடிவிட்டால் ஒரு மூன்று மாதமாவது தாங்காதா? மூன்று மாதம் போதும்.

அக்கா

*

24.01.2026

அன்பின் அக்காவுக்கு,

கம்பளிச் சட்டை கிடைத்தது. போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஈரத்தை மூட வேண்டாம். கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஈரப் பலகையில் ரெசின் ஒட்டாது. மேலே பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே ஒன்றையொன்று பிடித்திருக்காது. நடுத்தண்ணீரில் ஆட்கள் ஒரு பக்கமாக நகர்ந்தால் போதும், அப்படியே பிளந்துவிடும். பழைய படகு ஓட்டையைக் காட்டி உங்களை எச்சரித்தது. மூடிய படகு எச்சரிக்காது.

காய வைக்க வெயில்தான் வேண்டும் என்று இல்லை. சூடான காற்றுப் போதும். தோட்டத்தில் சூடான காற்று எங்கே இருக்கிறது என்று நான் சொல்லவா வேண்டும்? கொழுந்தை எங்கே காய வைக்கிறார்கள்?

மச்சானைப் பற்றி ஒரு வரி கேட்டிருந்தேன். நீங்கள் ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

யோகேஸ்

*

செம்பாறை
05.02.2026

அன்புள்ள தம்பி,

நீ சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் நேராகக் காரியத்துக்கு வருகிறேன்.

படகு இப்போது தேயிலை ஃபெக்டரிக்குள் இருக்கிறது. இப்படி ஒரு வரியை நான் எழுதுவேன் என்று யார் நினைத்தார்கள். ஃபெக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஜெயரத்தினம் யாழ்ப்பாணத்து மனிதர், அதிகம் பேசாதவர். அவருடைய மகளுக்கு நான் படிப்பித்திருக்கிறேன். போய்க் கேட்டேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். “இப்ப கொழுந்து குறைவுதான். டிரையர் அடுப்புப் பக்கம் ரெண்டு மூண்டு கிழமை வையுங்கோ. ஆனா தோட்டத்துத் துரை வந்து கேட்டால், நான் படகைக் காணேல்லை” என்றார். படகைக் காணாத மனிதர் தினமும் காலையில் வந்து கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்.

டிராக்டர் இழுவைப்பெட்டியில் ஏற்றி, லயத்து ஆட்கள் எல்லோரும் தள்ளி உள்ளே கொண்டுபோனார்கள். நன்றாகக் காய்ந்துவிட்டது. தட்டினால் ‘டக்’ என்று பேசுகிறது. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய் அதை ஒருமுறை தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.

இனித்தான் கேள்வி. ஒரு கோப்பையில் கொஞ்சம் ரெசின் ஊற்றி, கடைக்காரர் சொன்ன அளவுக்கு அதை இறுக வைக்கும் ஹாட்னர் விட்டு, வெளியே வைத்துப் பார்த்தேன். மறுநாள் காலையிலும் சீனிப்பாணி மாதிரி ஒட்டிக்கொண்டே இருந்தது. இந்தக் குளிரில் இறுகவில்லை. ஹாட்னரைக் கூட்டலாமா? எவ்வளவு? அல்லது ஃபெக்டரிச் சூட்டுக்குள்ளேயே வைத்துப் பூசிவிடலாமா? அதில் ஏதாவது ஆபத்து உண்டா? இந்தக் கேள்விகளுக்கு மட்டும் கிடைத்த அன்றே பதில் எழுது. ஜெயரத்தினம் ஐயா கொடுத்த தவணை இந்த மாதம் முடிந்துவிடும்.

வினோதா

*

செம்பாறை
22.02.2026

அன்புள்ள யோகேஸ்,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் சரிவைத் தாண்டி வருகிறார் என்பதால் தாமதம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். உனக்கு உடம்பு சரியில்லையோ என்று இன்னொரு பயம். சுகமாக இருந்தால் ஒரு வரியாவது எழுது.

என்னால் காத்திருக்க முடியவில்லை. இன்று ஞாயிறு, மெஷின் எல்லாம் நின்றிருந்தது, கொழுந்து இல்லை. நானும் காளியாயியும் போய் ஃபெக்டரிக்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிட்டோம். அடுப்பு அணைந்தும் சுவரில் சூடு இருந்தது. பலகையைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, நான்கு பக்கமும் ரெசின் தடவி, உள்ளே பதித்து, மேலே கல் ஏற்றி வைத்தோம். பிறகு பாயை விரித்து ரோலரால் உருட்டினோம். மணம் தலையைச் சுற்றியது. காளியாயி முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, “கள்ளுக் குடிக்காமலே ஆடுறேன் டீச்சர்” என்றாள்.

பின்பாதி முடிந்தது. மாலையில் தட்டினேன். கல் மாதிரி இருந்தது யோகேஸ். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். முன்பாதி அடுத்த ஞாயிறு.

அக்கா

*

செம்பாறை
26.02.2026

தம்பி,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. மன்னித்துக்கொள்.

சனிக்கிழமை காய்ந்து வந்த தேயிலை, சலித்துத் தரம் பிரிக்கும் அறையில் திறந்த குவியலாகக் கிடந்திருக்கிறது. எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஃபெக்டரிக்குள் சவர்க்காரம்கூட வைக்க மாட்டார்கள், கைக்குப் பூசும் எண்ணெயின் மணத்தைக்கூடத் தேயிலை இழுத்துக்கொள்ளும் என்பது இங்கே பிறந்த பிள்ளைக்கும் தெரியும். மெஷின் நின்றிருந்ததால் ஃபெக்டரி தூங்குகிறது என்று நினைத்துவிட்டோம். தேயிலை தூங்கவில்லை.

திங்கட்கிழமை ஜெயரத்தினம் ஐயா ஆள் அனுப்பினார். போனேன். ஒரு கோப்பையில் ஊற்றி என் பக்கம் தள்ளினார். “குடிச்சுப் பாருங்கோ டீச்சர்” என்றார். ஒரு வாய் குடித்தேன். பெயின்ட் கடையில் மூச்சு இழுத்தது போல இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. அவ்வளவையும் குப்பையில் கொட்டினார்கள். துரையிடம் போய் நான்தான் செய்தேன் என்று சொன்னேன். “ஃபெக்டரிச் சாவி உங்ககிட்டயா இருந்திச்சு?” என்று கேட்டார். விசாரணை முடியும் வரை ஜெயரத்தினம் ஐயாவை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். படகை அன்றே வெளியே தள்ளிவிட்டார்கள். முன்பாதி திறந்தபடி, பொலித்தீன் போர்த்திக் கரையில் கிடக்கிறது.

நீ கேட்டுக்கொண்டே இருந்ததற்கு இப்போது பதில் எழுதுகிறேன். மார்கழியில் நான்கு பேர் அவரை நாற்காலியில் வைத்துச் சரிவு வழியாகத் தூக்கிப் போனார்கள். தைப்பொங்கல் முடிந்த வாரத்தில் ஒருவன் வழுக்கி விழுந்தான், நாற்காலியும் விழுந்தது. அந்தப் பையனுக்குத் தோள் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து உன் மச்சான் நாற்காலியில் ஏற மறுக்கிறார். “என்னைத் தூக்கப் போயி நாலு வீட்டுப் புள்ளைங்க முடமாக வேணாம். படகு வரட்டும், போறேன்” என்கிறார். கெஞ்சி அழுது சில முறை அனுப்பினேன். பல முறை தவறிவிட்டது. கால் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு வாங்குகிறது, அதனால் உட்கார்ந்துகொண்டே தூங்குகிறார்.

படகு வரும் என்று அவரிடம் நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

வினோதா

*

08.03.2026

அன்பின் அக்காவுக்கு,

நான் சுகம். இதை முதலில் நம்புங்கள்.

உங்கள் மூன்று கடிதமும் எனக்கு நேற்றுத்தான் ஒன்றாகக் கிடைத்தன. கடிதம் படிக்கிற ஐயா பெப்ரவரியில் வந்தவற்றைத் தராமல் மேலே அனுப்பியிருக்கிறார். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். உன் அக்கா யாருக்குப் படகு செய்கிறாள்? மலையில் எதற்குப் படகு? நீர்த்தேக்கம் என்றேன். படம் போட்டுக் காட்டச் சொன்னார்கள். வரைந்தேன். மலை, தண்ணீர், இந்தப் பக்கம் லயம், அந்தப் பக்கம் பஸ். ஒரு மீனைக் கூட்டி வரைந்திருந்தால் சிரித்திருப்பார்கள். கடைசியில் விட்டுவிட்டார்கள். ஆனால் சட்டத்தரணி சொல்கிறார், பிணை கேட்கும் நேரத்தில் உள்ளே இருந்துகொண்டு படகு வேலை சொல்லிக் கொடுத்தேன் என்று எதிர்ப்பக்கம் பேசினால் நல்லதல்ல என்று. இனிப் படகைப் பற்றி எழுத வேண்டாமாம். வழக்குத் தவணை 24ஆம் திகதி.

அதனால் கடைசியாக எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

முன்பாதியை வெளியிலேயே செய்யலாம். நெருப்பு கிட்ட வரக் கூடாது, சூடு மட்டும் வர வேண்டும். ரெசின் நெருப்பைப் பிடிக்கும். கறுப்புப் பொலித்தீனால் கூடாரம் மாதிரி மூடி, உள்ளே எப்படியாவது சூட்டை வையுங்கள். ஹாட்னரை வழக்கமான அளவைவிடக் கொஞ்சம் மட்டும் கூட்டுங்கள். பாயில் பனி படக் கூடாது, பட்டால் வெள்ளையாக மாறும். வெள்ளையானதை உரித்து வீசிவிட்டுத் திரும்பப் போடுங்கள், மனம் இரங்க வேண்டாம்.

பழைய துளை ஒவ்வொன்றையும் அகலமாக்கி ரெசின் பசையால் அடையுங்கள். அதற்குப் பிறகு அந்த மேல்தட்டில் ஒரு துளையும் போட விடாதீர்கள். துளையைச் சரியான முறையில் போட்டு உள்சுவரை மூட ஒரு வழி இருக்கிறது, ஆனால் அதற்குப் பழகிய கை வேண்டும், நாள் வேண்டும். போல்ட்டை அவசரமாக இறுக்கினால் புதுப் பலகை நசுங்கும், தோல் விடும். பந்தலை விளிம்புக் கம்பியில் கட்டிக்கொள்ளலாம்.

மச்சானிடம் சொல்லுங்கள், நான் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும் என்று.

யோகேஸ்

*

செம்பாறை
15.03.2026

அன்புள்ள தம்பி யோகேஸ்வரனுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. பகலில் நல்ல வெயில். தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது. இந்த வாரம் லயத்தில் எல்லா வீட்டு அடுப்பிலும் செங்கல் வேகிறது. சூடான செங்கல்லைச் சாக்கில் சுற்றிப் பெண்கள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு எங்கேயோ போகிறார்கள். காளியாயியின் கை கொப்பளித்திருக்கிறது. கேட்டால் சிரிக்கிறாள்.

ஜெயரத்தினம் ஐயாவின் விசாரணை இன்னும் முடியவில்லை. அவர் வீட்டுத் தோட்டத்தில் கத்தரி நட்டிருக்கிறார். நேற்று அந்த வழியாக வந்து, பொலித்தீனுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் சூடு வேணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

உன் மச்சான் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். வாசலிலிருந்து கரை தெரியும்.

வேறு விசேஷம் இல்லை. 24ஆம் திகதி நல்லது நடக்கட்டும்.

அக்கா

*

27.03.2026

அன்பின் அக்காவுக்கு,

பிணை கிடைக்கவில்லை. அடுத்த தவணை மே மாதம். உங்கள் கடிதத்தால் அல்ல. நீதிமன்றத்தில் அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. முதலாளியைப் பிடிக்கும் வரை என்னை விடமாட்டார்கள் போல இருக்கிறது.

கடிதம் படிக்கிற ஐயா நேற்று என்னைக் கூப்பிட்டு, செங்கல் விஷயம் என்ன ஆனது என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவருக்குச் சிரிப்பு. திறந்து எழுதச் சொல்லு, ஒளித்து எழுதினால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும் என்றார்.

ஒரே ஒரு சொல் எழுதுங்கள் அக்கா. மிதந்ததா?

யோகேஸ்

*

செம்பாறை
02.04.2026, வியாழன்

அன்புள்ள யோகேஸ்,

மிதந்தது.

உன் சுகம் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் பிணை தள்ளிப்போன அந்த நாளில் நாங்கள் இங்கே படகைத் தண்ணீரில் இறக்கி எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தோம். இரண்டும் ஒரே நாள் என்று உன் கடிதம் வந்த பிறகுதான் கணக்குப் பார்த்தேன். இருமலுக்கு மருந்து கேட்டு வாங்கு. மே மாதம் நான் வருவேன்.

மறுநாளே உன் மச்சானை ஏற்றிப் போனோம். நான்தான் எஞ்சினைப் பிடித்தேன். “டிரைவர் டீச்சரா? அப்படின்னா நான் நீந்தியே வந்துடறேன்” என்றார். எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு கேலி. போகும் வழியெல்லாம் உள்ளங்கையை மேல்தட்டில் பதித்து வைத்திருந்தார். அக்கரை வந்ததும், “அசையல வினோ” என்றார். அந்த இரண்டு சொல்லுக்காக நான் இன்னொரு படகையும் பிரித்துக் கட்டுவேன்.

சனிக்கிழமையும் போனோம். நேற்றும் போனோம். நேற்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இதயத்தைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கிறது, இனி ஒரு தடவைகூடத் தவற விடாதீர்கள் என்றார். தவறினால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்திலேயே அது இருந்தது.

வருகிற சனிக்கிழமை தெப்பம்.

முத்துலிங்கம் அண்ணன் செவ்வாய்க்கிழமை வந்தார். நாளை மாலை டிரில்லோடு ஆட்கள் வந்து பந்தல்கால் ஊன்றுவார்களாம். சனிக்கிழமை முழுக்கப் படகு அம்மனுக்கு. நீ எழுதியதைச் சொன்னேன். அழுகியதை வாளியில் அள்ளியதை நினைவுபடுத்தினேன். விளிம்பில் கட்டுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “கட்டுன கால் ஆடும் டீச்சர். ஆடுற பந்தல்ல அம்மாள ஒக்கார வச்சு, நாளைக்கு லயத்துல ஒண்ணு நடந்துட்டா யார் பதில் சொல்றது? படகு அவளோடது. நம்மள ஏத்திக்கிட்டுப் போறது அவ இரக்கம். ஒரு சனிக்கிழமதானே” என்றார். டாக்டர் சொன்னதை நேற்று மாலை அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். கண் கலங்கினார். நாற்காலிக்கு அவரே முன்னால் நின்று தோள் கொடுப்பதாகச் சொன்னார். அறுபது தாண்டிய மனிதர். நிஜமாகவே கொடுப்பார். உன் மச்சான் ஏற மாட்டார்.

காளியாயி பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகளுக்குப் பிள்ளை தங்கியதற்காக இந்த வருஷம் தெப்பத்தில் விளக்கேற்றும் நேர்த்திக்கடன் அவளுக்கு இருக்கிறது. கொப்பளம் ஆறாத அந்தக் கையை நான் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

நாளை பெரிய வெள்ளி, பள்ளிக்கூடம் இல்லை. விடிந்ததும் காற்று வாங்கிவரலாம் என்று சொல்லி உன் மச்சானைக் கரைக்கு அழைத்துப் போவேன். படகில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய்விடுவேன். டவுனில் என்னோடு படித்த பிரேமினியின் வீடு இருக்கிறது, அங்கே தங்குவோம். சனிக்கிழமை ஆஸ்பத்திரி. தெப்பம் முடியும் வரை படகைத் திருப்பிக் கொண்டுவர மாட்டேன். நாளை மாலை டிரில்லோடு வருகிறவர்கள் வெறும் கயிற்றைப் பார்ப்பார்கள்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டார். அம்மனுக்குக் காவடி எடுத்த மனிதர். கரையை விட்டு விலகிய பிறகுதான் சொல்வேன். திட்டுவார். திட்டுவதற்கு மூச்சு இருக்கட்டும்.

திரும்பி வரும்போது இந்த ஊர் எனக்கு என்ன முகம் காட்டும் என்று தெரியும். செங்கல் சுமந்த பெண்கள்தான் முதலில் திரும்பிக்கொள்வார்கள். முத்துலிங்கம் அண்ணன் கமிட்டியைக் கூட்டுவார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் இருப்பார்களோ தெரியாது. இன்று மாலை கோயிலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஒரு வருஷம் நீயும் கரையில் நின்று பாரேன் என்று மனம் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு விபூதியைக்கூடச் சரியாகப் பூசாமல் வந்துவிட்டேன்.

முன்பாதியில் ஒரு ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பாய் கொஞ்சம் வெள்ளையாக இருக்கிறது. நீ உரிக்கச் சொன்னாய். உரித்துப் போட நாள் இல்லை. அவரைப் பின்பாதியில் உட்கார வைக்கிறேன்.

நாளை விடுமுறை, கடிதத்தை வாங்கிப் போகும் தபால்காரர் வரமாட்டார். இந்தப் பக்கம் தபால்பெட்டி இல்லை, அது அக்கரையில் பஸ் நிற்கும் இடத்தில் இருக்கிறது. கடிதத்தைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறேன். இது உன் கைக்கு வந்தால், நாங்கள் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

அக்கா வினோதா